முருங்கைக்கீரைச் சோறு

கவிநிலாவுக்குக் குழந்தை இறந்துதான் பிறந்தது. பெண் குழந்தை. தலை நிறைய முடி. ஆட்டோ ஓட்டுகிற அவளுடைய அப்பா காசியும் புருஷன் பாலாஜியும் துணியில் சுற்றி ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். எந்த இடம் என்று அம்மா சந்திரகலா கேட்கவில்லை. காசியும் சொல்லவில்லை.

மகளை வேங்கிக்காலில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு முன்னால் சந்திரகலா ஓடிவந்து சமையலறையை ஒழித்தாள். பிள்ளை பெற்றவளுக்கென்று சேர்த்து வைத்ததெல்லாம் அங்கே இருந்தது. உரித்த பூண்டு, நெய் விட்டுக் கிளறிய பிரசவ லேகியம், பால் நன்றாக ஊறும் என்று சொல்லி வாங்கிய சுறாக் கருவாடு. எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துப் பரண்மேல் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சந்திரகலாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "கொழந்த இல்லன்னு ஒடம்புக்குத் தெரியாதும்மா. மாத்திர குடுத்திருக்காங்க, ஆனாலும் செல பேருக்குப் பால் கட்டும். வலிக்குதேன்னு பீச்சி எடுத்துடாதீங்க, இன்னும் ஜாஸ்தியா ஊறும். தானா வத்திடும்."

தானாக வற்றட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை. மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினால் சீக்கிரம் வற்றும் என்று பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் சொன்னாள். உடனே சந்திரகலா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பௌர்ணமி கிரிவலம் நெருங்கியிருந்ததால் கோயில் வாசலில் ஒரே கூட்டம். பூக்காரி உதிரிப்பூவைக் கூறு கூறாக அள்ளிப் பையில் போட்டாள்.

"இம்மாம் பூவா? வீட்ல என்னாக்கா விசேஷம், வளைகாப்பா?"

"ஆமா" என்றாள் சந்திரகலா. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பூக்காரி முகம் மலர்ந்து இன்னொரு கை அள்ளிப் போட்டாள். "இது என் கணக்கு. பொண்ணு நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும்."

ஷேர் ஆட்டோவில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

பூவை வைத்துக் கட்டும்போது கவிநிலா பொம்மை மாதிரி கையைத் தூக்கிக் காட்டினாள். கட்டி முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. ரசஞ்சோறு கொண்டுபோனால் ரசஞ்சோறு திரும்பி வந்தது. இட்லி போனால் இட்லி. பாலாஜி ஓசூர் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வாசற்படியிலேயே கிடந்தான்.

"அத்தை, எதனா சாப்ட்டாளா?"

"டீதான் தம்பி."

உள்ளே போய் அவளைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

அப்படி இருந்தவள்தான் ஒரு மத்தியானம் தானாகவே வாயைத் திறந்தாள்.

"ம்மா, கீரசோறு பண்றியா?"



சந்திரகலாவுக்கு ஆறுதல் சொல்ல வராது. எந்தத் துக்கத்துக்கும் அவளிடம் இருந்தது இந்த ஒரு சோறுதான். கவிநிலா பரீட்சையில் தோற்று வந்தபோதும், வேலூர் ஹாஸ்டலில் இருந்து காய்ச்சலோடு வந்தபோதும், கல்யாணமான புதிதில் பாலாஜியோடு சண்டை போட்டுப் பெட்டியோடு வந்தபோதும், என்ன ஏது என்று கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்தாள். முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும் பூண்டும் குழைய வெந்ததும், வேர்க்கடலையை வறுத்துப் பொடித்துத் தூவி, சுடுசோற்றில் நெய் விட்டுப் பிசைந்து குண்டானோடு நீட்டுவாள். பாதிக் குண்டான் காலியாவதற்குள் மகளுக்கு அழுகை வந்துவிடும். மீதிப் பாதியில் அழுகை நின்றுவிடும்.

ஆனால் அதில் விழுகிற முருங்கைக்கீரை, பூண்டு, வேர்க்கடலை எல்லாமே பால் ஊறுவதற்கென்று பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சாமான். அதை எப்படி இப்போது போடுவது?

முளைக்கீரை வாங்கிவந்து, பூண்டில்லாமல் கடைந்து, அதே குண்டானில் பிசைந்து கொண்டுபோனாள். கவிநிலா ஒரு வாய் வைத்தாள். மென்றாள். குண்டானை மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

"இது இல்லம்மா."

கோபமே இல்லாத அந்தக் குரல்தான் சந்திரகலாவை உடைத்தது. பெற்றவள் இருந்தும் பெண் பட்டினி கிடப்பதா? வருவது வரட்டும் என்று பின்பக்கம் போய் முருங்கைக்கிளையை வளைத்தாள். பரணில் இருந்த பையை இறக்கிப் பூண்டை எடுத்தாள்.

கவிநிலா அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கண்ணீர் வழிந்து சோற்றில் விழுந்தது. துடைக்கக்கூடச் செய்யாமல் சாப்பிட்டாள். பிறகு அம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். சந்திரகலா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என் பொண்ணு திரும்பி வந்துட்டா என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மாடியில் குடியிருப்பவர்களின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அடுத்த நொடி கவிநிலா அலறினாள். சந்திரகலா ஓடிப்போய்ப் பார்த்தாள். நைட்டி முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. தொட்டால் மார்பு கல்லாக இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

"யாருக்கும்மா வருது இது? யாருக்கு?"

சந்திரகலா ஈரத்துணியோடு பக்கத்தில் போனாள். கவிநிலா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"ஆகாதுன்னு தெரிஞ்சிதான அந்தச் சோத்த போட்ட?"

"நீ கேட்டியேடி..."

"நான் கேட்டா? எனக்கு என்னாம்மா தெரியும்? நீ சொல்லியிருக்கக் கூடாதா?"

காசி ஆட்டோவை எடுத்தான். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "கீரையால ஒண்ணும் இல்லம்மா, இந்த நேரத்துல எப்படியும் கட்டத்தான் செய்யும்" என்று அதே நர்ஸ் சொன்னாள். கவிநிலா தலையாட்டினாள். சந்திரகலாவும் தலையாட்டினாள். இரண்டு பேரும் நம்பவில்லை.

சில வாரங்களில் பால் வற்றியது. பாலாஜி வந்து கூப்பிட்டதும் கவிநிலா ஓசூருக்குக் கிளம்பினாள். பஸ் ஏறும்போது, "வழிக்குச் சோறு கட்டித் தரட்டுமான்னு கேட்டேனே, வேணான்னுட்டியே" என்றாள் சந்திரகலா.

"வழியில வாங்கிக்கிறோம்மா."

அம்மாவோடு அவளுக்குச் சண்டை இல்லை. போன் செய்தாள், கார்த்திகை தீபத்துக்கு வந்தாள், போட்டதைச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். கீரைச்சோறு என்ற வார்த்தை மட்டும் அவள் வாயில் வரவே இல்லை. சந்திரகலாவும் எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் கவிநிலா வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. மறுபடியும் தங்கியது, மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது என்றாள். சொல்லிவிட்டு அதே அறைக்குப் போய் அதே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சந்திரகலா கதவருகில் நின்றாள். "என்னா செய்யட்டும் கண்ணு, சாப்பிட?"

"எதனா செய்யும்மா."

"கஞ்சி வைக்கட்டுமா?"

"எதனா."

அடுப்படிக்குப் போய் உலையை வைத்தாள். தண்ணீர் கொதித்தது. அரிசியைக் களைந்து போட்டாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல், கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.