செல் மாத்திட்டியா?

“அதை எடுத்தது யாரு?”

அனுசுயா போட்ட சத்தத்தில், ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பாப்பாத்தி சித்தி பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கலைச்செல்வன் நெற்றி நிறைய விபூதியோடு படுத்திருந்தான். புருஷன் செத்தவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழ வேண்டும். இவள் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தாள்.

“என்னாத்தடி தேடுற?”

“அவரு மிஷினு. இங்கதான் இருந்துச்சு.”

“நல்லாருக்குடி நாயம்! ஜனம் பாக்குது, வந்து உக்காரு.”

பார்த்தால் பார்க்கட்டும். நேற்று பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தவன் இவள் கையைப் பிடித்து இழுத்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று காதைக் கொடுத்தாள். “செல் மாத்திட்டியா?” என்றான். அவ்வளவுதான். நீ எப்படி இருப்பாய் என்று இல்லை, மகள் சுவாதியைப் பார்த்துக்கொள் என்று இல்லை. அதற்கப்புறம் பேசவே இல்லை. பாவி மனுஷன்! மாத்திடறேன் என்று இவளும் தலையாட்டித் தொலைத்தாள். அவன் மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

உள்ளங்கை அகல மிஷின் அது, பாம்டாப் என்பார்கள். சின்னத் திரை, அதில் எழுத ஒரு குச்சி. கல்யாணமான புதிதில், ஜெயங்கொண்டம் சுற்றுப்பட்டுப் பால் சங்கங்களுக்குக் கணக்குப் போட அதில் ஒரு புரோகிராம் எழுதித் தருவேன் என்று கிளம்பினான். முறையாகச் செய்ய ஒரு கம்ப்யூட்டரும், அதில் போட்டுப் புரோகிராம் எழுத கம்பெனி விற்கும் டூலும் வேண்டும். அப்பாவிடம் போய் நின்றான். “வெளையாட்டுச் சாமானுக்கு முந்திரிக் கொல்லைய விக்கச் சொல்றியாடா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டார் பிச்சைமுத்து.

எங்கெங்கோ விசாரித்து, வாங்கக்கூடிய மலிவில் ஒரு டூலைப் பிடித்தான். அது மிஷினுக்குள்ளேயே ஓடும், கம்ப்யூட்டர் வேண்டாம். அந்த மழைக்காலம் முழுக்கக் குச்சியால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். மிஷினுக்குத் தமிழ் தெரியாது. புள்ளி புள்ளியாக அவனே எழுத்துகளை வரைந்தான். முதலில் வரைந்தது இவள் பேரைத்தான். திறந்தால் ‘வா அனுசுயா’ என்று வரும். “சங்கத்துக்காரன் இத வாங்குவானா?” என்று இவள் சிரித்தாள்.

சங்கம் சரி என்று சொல்வதற்குள் கடைகளில் அந்த மிஷின் வருவதே நின்றுபோனது. எழுதியதெல்லாம் அந்த ஒரு மிஷினுக்குள் மாட்டிக்கொண்டது. வெளியே எடுக்க வேண்டிய ஒயர், செகண்ட் ஹாண்டில் வாங்கியபோதே இல்லை. பேட்டரி செல் தீர்ந்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துபோகும். பழைய செல்லைக் கழற்றி ஒரு நிமிஷத்துக்குள் புதுசைப் போட வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி வருஷக்கணக்காக நேரம் தவறாமல் மாற்றினான்.

அனுசுயா கொல்லைப்பக்கம் போனாள். கயிற்றுக் கட்டிலில் பிச்சைமுத்து. அவர் மடியில் மிஷின்.

“மாமா, அது எதுக்கு உங்க கையில?”

“அவனோட அனுப்பிடலாம்மா. ஆசையா வச்சிருந்தான். நெஞ்சு மேல வச்சுடலாம்.”

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வெடுக்கென்று பிடுங்கினாள். கனமே இல்லை.

“செல்லு எங்க?”

“கழட்டிட்டேன். நெருப்புல வெடிக்கும்ல? அவன் மேல தெறிச்சுடக் கூடாது பாரு.” உள்ளங்கையை விரித்தார். சின்ன செல் இரண்டும் அதில் கிடந்தன.

“எப்பக் கழட்டுனீங்க?”

“இப்பத்தாம்மா.”

கிழவரின் இப்பத்தானுக்கு என்ன கணக்கு?

“கொல்லைய விக்க மாட்டேன்னீங்க. சரி. மவன நாலு பேரு முன்னால அசிங்கப்படுத்துனீங்க. அதுவும் சரி. அந்த மனுசன் பண்ணி முடிச்சது இது ஒண்ணுதான். செல்லு இல்லன்னா எல்லாம் அழிஞ்சுடும். அவரு மூச்சு நிக்கட்டும்னு காத்திருந்தீங்களா?”

பிச்சைமுத்து உள்ளங்கையை அவள் பக்கம் நீட்டினார்.

அனுசுயா செல்களை அவசரமாக அள்ளினாள். ஒரு செல் நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது. கிழவர் மண்டியிட்டு, தவழ்ந்து, கையால் துழாவி எடுத்து, மண்ணை ஊதிக் கொடுத்தார். போட்டாள். பொத்தானை அமுக்கினாள்.

திரையில் எழுத்து வந்தது. எல்லாம் இங்கிலீஷ்; ‘வா அனுசுயா’ இல்லை. அதற்குக் கீழே ஒரு வட்டம், தொடச் சொல்லி. அன்றுதான் கடையிலிருந்து வந்த புதுசு மாதிரி.

“வந்துடுச்சும்மா!” என்றார் கிழவர், தரையிலிருந்தே. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து தெரியாது. “உசுரு இருக்குல்ல? ஒண்ணும் போயிடலல்ல?”

முகமெல்லாம் மண்.

சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“இருக்குங்க மாமா.”

“அப்ப அனுப்ப வேணாம். வூட்லயே இருக்கட்டும். செல்லு நான் மாத்திடறேன். எப்புடின்னு மட்டும் காட்டிக் குடு.”

வாசலிலிருந்து, ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். பிச்சைமுத்து தோள் துண்டை எடுத்து உதறினார். மிஷினை அதில் சுற்றி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.