கன்னிமூலை பீரோவுக்குப் பின்னால்

எங்கள் நைனா வீரராகவனுக்கு எதையும் உள்ளது உள்ளபடி சொல்ல வராது. ஏரியில் பிடித்த கெண்டை, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் விரால் ஆகிவிடும். இதனால் யாருக்கும் நஷ்டம் இருந்ததில்லை. ஊர்க்காரர்கள் பாதியைக் கழித்துக்கொண்டுதான் அவர் பேச்சைக் கேட்பார்கள். கழிக்கத் தெரியாத ஒருவர் ஊருக்குள் வந்தார். என் கல்யாணம் நின்றுபோனது.

அவர் பர்ஹானா அக்கா. பழவேற்காட்டுக்காரர், சென்னையில் வெள்ளத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். எவ்வளவு மழை பெய்தால் ஆரணி ஆற்றுத் தண்ணீர் எந்தத் தெருவில் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே சொல்லும் வரைபடம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் தயாரித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் கணக்கு சரிதானா என்று பார்க்க, மிக்ஜாம் புயலின்போது எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று வீடு வீடாக விசாரித்தார். சுவரில் வெள்ளக் கறை இருந்தால் அதை அளப்பார். ஆனால் பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்காத வீடு எங்கள் ஊரில் ஏது? கறை இல்லாத இடத்தில் ஆட்கள் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டார்.

நான் அன்று வேலைக்குப் போயிருந்தேன். நடந்ததை அம்மா சொன்னாள். எதிர்வீட்டுக் கலியன் மாமா முதலில் ஆரம்பித்திருக்கிறார்: "எங்க ஊட்ல இடுப்பளவு தண்ணிம்மா."

நைனாவுக்குப் பொறுக்குமா? "எங்க ஊட்ல கழுத்தளவு! கேஸ் சிலிண்டரு படகு கணக்கா சுத்தி சுத்தி வந்துச்சு!"

உள்ளே அம்மாவுக்குப் புரையேறியது. பர்ஹானா அக்கா அதைப் புரிந்துகொள்ளவில்லை. கழுத்து என்று பதிந்துகொண்டு போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கும் அன்புசெல்வனுக்கும் நிச்சயமாகியிருந்தது. இரண்டு பேருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. கம்பெனி பஸ் எங்கள் ஊர் முனையிலேயே நிற்கும் என்பதால், எங்கள் வீட்டை ஒட்டிய மனையில் நாங்கள் வீடு கட்டிக்கொள்வது என்று பேச்சு. ஆரணியில் இருக்கும் அன்புவின் அம்மா முத்தம்மாளும் சரியென்றிருந்தார். பிறகு அந்த வரைபடம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. ஊர் முழுக்க வெளிர் நீலம், கலியன் மாமா வீடு கொஞ்சம் அழுத்தமான நீலம், எங்கள் வீடும் மனையும் மட்டும் மை கொட்டியதுபோல் கருநீலம்.

முத்தம்மாள் அத்தை போன் செய்தார். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. கழுத்தளவு தண்ணி நிக்கிற எடத்துல என் புள்ளைய குடிவைக்க மனசு வர்ல. நாங்க வேற சம்பந்தம் பாத்துக்கறோம்."

நைனா போனைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்கு இரண்டு நாளாக நாஷ்டாகூட இறங்கவில்லை. அன்பு அவன் அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தான், அவர் அசையவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். ஒரு மனுஷன் வாய்க்குப் பூட்டு போடாமல் போனதற்கு நானா கிடைத்தேன்?

பர்ஹானா அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, கழுத்தெல்லாம் இல்லக்கா. எங்க நைனா சும்மா அளந்து உட்டாரு."

"எனக்கும் சந்தேகம்தான் பூமிகா. சேட்டலைட் கணக்குல உங்க இடம் மேடு" என்றார். "ஆனா தண்ணியில நின்னவரு சொல்றாரேன்னு எழுதிட்டேன். இப்ப கல்யாணம் நின்னதுக்கு அப்புறம் அளவக் குறைச்சா, முன்ன சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா, நான் எத நம்புறது? ஒரே ஒரு கறை காட்டு. அன்னிக்கே மாத்திடறேன்."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம்.

கறைக்காக வீட்டை அலசினேன். நிச்சயதார்த்தத்துக்காகக் குளியலறை வரைக்கும் பெயிண்ட் அடித்திருந்தார் நைனா. கடைசியில் உள் அறையில் போய்ச் சோர்ந்து உட்கார்ந்தபோது எதிரே பீரோ. கன்னிமூலையில், வடக்குப் பார்த்து, ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்தில் வைத்த இரும்பு பீரோ. அதை நகர்த்தினால் வீட்டுக்கு ஆகாது என்பது நைனாவின் நம்பிக்கை. புயலுக்குக்கூட நகராத பீரோ, பெயிண்டருக்கா நகரும்? அவன் பீரோவைச் சுற்றி அடித்துவிட்டு, பீரோவுக்கும் பச்சை பெயிண்ட் பூசிவிட்டுப் போயிருந்தான்.

"நைனா, பீரோவ நகத்தணும்."

"இன்னா பேசற நீ? கன்னிமூலை பீரோவ போயி..."

"அதுக்குப் பின்னால கறை இருக்கும் நைனா."

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அங்கே கறை எந்த உயரத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? பீரோவின் கைப்பிடியைத் துண்டால் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஞாயித்துக்கெழமை அந்த ஆராய்ச்சிப் பொண்ண வரச்சொல்லு. சம்பந்திம்மாவையும் கூப்புடு. நாம தனியா பாத்துட்டு சொன்னா எவன் நம்புவான்?"

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். கூப்பிடாமலே கலியன் மாமாவும் வந்தார். அம்மா பீரோவைக் காலி செய்து கொடுக்க, அன்பு கைகொடுக்கப் போனான்.

"உடு மாப்ள, நான் வெச்சது, நானே நகத்தறேன்" என்றார் நைனா. கல்யாணம் நின்றுபோன பிறகும் அவர் வாயில் வந்தது மாப்ளதான். முக்கி முக்கித் தள்ளியும் பீரோ நகரவில்லை. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்துதான் தள்ளினார்கள்.

பின்னால் பழைய ரோஸ் பெயிண்ட், ஒட்டடை, என்றோ தொலைந்துபோன என் சீப்பு. அதற்கும் மேலே, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக ஒரு செம்மண் கோடு. முழங்காலைக்கூடத் தொடவில்லை.

"இன்னா வீரா, இதான் உன் கழுத்தா?" என்று கலியன் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நைனா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆமாய்யா, பொய்தான் சொன்னேன். நீ இடுப்புன்னு சொன்ன, நான் உனுக்குக் கீழ எறங்குவனா?" பிறகு அத்தையின் பக்கம் திரும்பினார். அப்போது குரல் மாறிவிட்டது. "சம்பந்திம்மா, தப்பு என் வாய் மேல. என் பொண்ணு இன்னா பண்ணுச்சு?"

ஊரே பார்க்க நைனா ஒரு அளவைக் குறைத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தை எதிரே நிற்காவிட்டால் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

பர்ஹானா அக்காவுக்கோ இதெல்லாம் காதிலேயே விழவில்லை. "செம கறை!" என்று குதித்து, டேப்பை நீட்டி அளந்து, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத் திரும்பி, "அப்ப உங்க இடுப்பு, ஐயா?" என்றார் கலியன் மாமாவிடம்.

"எங்க ஊட்ல பீரோவே கெடையாதும்மா" என்று அவர் வாசலைப் பார்த்து நடந்தார்.

அத்தை சுவருக்குப் பக்கத்தில் போனார். கோட்டை விரலால் தடவினார். புடவையைக் கொஞ்சம் தூக்கி, தன் முழங்காலை அதோடு வைத்துப் பார்த்தார்.

"அன்பு, பேஸ்மட்டத்த இந்தக் கோட்டுக்கு மேல ஒரு முழம் தூக்கிக் கட்டிடு" என்றார்.

அவ்வளவுதான். அம்மா கேசரி கிளறப் போனாள். நான் பர்ஹானா அக்காவைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினேன். டேப் கையிலிருந்து பறந்தது. அடுத்த வாரமெல்லாம் அவர் ஊரில் ஒவ்வொரு பீரோவாக நகர்த்தவைத்தார். கறையோடு சேர்த்துத் தொலைந்த கொலுசு, மூக்குத்தி, ரேஷன் கார்டு எல்லாம் கிடைக்கவே, வீட்டுக்காரர்களே அவரைக் கைகாட்டிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். புது வரைபடத்தில் எங்கள் வீடு வெளிர் நீலத்திலும் வெளிர் நீலம்.

தை மாதம் கல்யாணம். மண்டபத்தில் முத்தம்மாள் அத்தை தன் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க சம்பந்தி ஊடு நல்ல மேடு. அந்தப் புயலுக்கே கணுக்கால்கூட நனையல!"

பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நைனா நின்றிருந்தார். மேடு இப்போது மலையாகப் போகிறது என்று நான் மணவறையிலிருந்து பல்லைக் கடித்தேன்.

நைனா தொண்டையைச் செருமினார்.

"கணுக்கால் இல்ல சம்பந்திம்மா. முழங்காலுக்கு நாலு விரக்கடை கீழ. அந்த ஆராய்ச்சிப் பொண்ணு பந்தியிலதான் சாப்ட்டுக்கினு கீது, வேணும்னா கேட்டுக்கங்க."