தரைக்கு மேலே தூக்கி வைத்த பேர்

மலையைக் கம்ப்யூட்டரில் நிறுத்துவது சுலபம். ட்ரோன் எடுத்து வரும் படங்களைக் கொடுத்தால் மேடு பள்ளமெல்லாம் அதுவே போட்டுக்கொள்ளும். அதன்மேல் பேர் எழுதுவதுதான் உயிரை வாங்கும் வேலை. குன்னூரில் ஜினோ சாரின் சர்வே ஆபீஸில் எனக்கு அந்த வேலை. பேரைத் தரையிலேயே வைத்தால் பாதி எழுத்து மண்ணுக்குள் போய்விடும். கொஞ்சம் தூக்கி வைத்தால் பக்கத்துப் பேரில் இடிக்கும். இடித்தால் புரோகிராம் ஒன்றை மறைத்துவிடும், எதை மறைப்பது என்று நம்மைக் கேட்காது. எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கிறது என்பார் ஜினோ சார். இந்த வேலை பார்க்கிறவளுக்கு வேறு எங்கே நிற்கும்?

அந்த மாதம் எங்கள் எஸ்டேட்டின் மலையே வேலைக்கு வந்தது. மழையில், நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குக் கீழே இருந்த ரோடு சரிந்துவிட்டது. புது ரோடு வெட்டினால் இடுகாட்டுச் சரிவின் வழியாகத்தான் போக வேண்டும், வேறு இடமில்லை. மேனேஜர் நல்ல மனிதர். படத்தில் பேர் போட்டிருக்கிற ஒவ்வொரு குழிக்கும் அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டுக் கேட்டு, மரியாதையாக மேல் சரிவுக்கு மாற்றிய பிறகுதான் ஜேசிபி இறங்கும் என்று சொல்லிவிட்டார். பேர் இல்லாத இடம் வெறும் மண்.

எங்கள் ஆட்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். கல்லறை கட்டுகிற வசதியெல்லாம் கிடையாது, புதைத்த இடத்தில் ஒரு பூச்செடி வைப்போம், அவ்வளவுதான். ட்ரோன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு மேட்டிலும் சுண்ணாம்பு அடித்த கல்லை வைத்தார்கள். என் வீட்டுக்காரர் விஜயன் ஒவ்வொரு கல்லாகக் காட்டிப் பேர் சொல்ல, ஜினோ சார் போனில் ஏற்றிக்கொண்டார். ஒரு சின்னக் கல்லுக்கு வந்தபோது மட்டும் விஜயன், "இதுக்குப் பேர் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டாராம்.

அது எங்கள் பிள்ளை. பிறந்து முப்பது கும்பிடுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். எங்களில் முப்பதாம் நாள்தான் பேர் வைப்பது. அத்தைக்காரி பிள்ளையின் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் பாப்பாதான். அப்படிப் பேர் இல்லாமல் போன பிள்ளைக்குப் பிறகு பேர் வைக்கக்கூடாது என்று விஜயனின் அக்கா கருப்பம்மா மதினி புதைத்த அன்றைக்கே சொல்லிவிட்டார். "பேர் வச்சா அது திரும்பிப் பாக்கும், புள்ள. போக மாட்டாம நிக்கும். போறத போகவுடு."

பேரே யோசிக்கவில்லை என்றில்லை. வயிற்றில் இருக்கும்போதே அதற்குத்தான் எங்களுக்குத் தினமும் சண்டை. நான் நிலா என்றேன். அவர் தேன்மொழி என்றார்.

"தேன்மொழின்னா ரேஷன் கடை வரிசையில சண்டை போடுற பொம்பள மாதிரி இருக்குங்க" என்பேன்.

"நிலான்னா பாதிப் பேரு மாதிரி இருக்கு. மீதி எங்கன்னு கேப்பாங்க" என்பார்.

முப்பதுக்குள் முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவைத்தோம். அவள் போன பிறகு அந்த இரண்டு பேரையும் வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. அவளைப் பற்றியே அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. தேயிலை பேக்டரியில் அடுத்தவன் ஷிப்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். நான் அழுதால் எழுந்து வெளியே போய்விடுவார். அந்த மனுஷனைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கும் எனக்கு. பெற்றது நான் ஒருத்தி மட்டுமா?

ஆபீஸில் ஃபைலைத் திறந்தேன். சரிவு முழுக்கப் பேர்கள் எழும்பி வந்தன. என் பிள்ளை வரவில்லை. பேர் காலியாக இருந்தால் எங்கள் புரோகிராம் புள்ளியையும் போடாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் பெரிசாக்கிப் பெரிசாக்கித் தேடினேன். அந்தச் சின்னக் கல் ஒரு அரிசி மணி போல வெள்ளையாகத் தெரிந்தது. அதன்மேல் ஒன்றுமே இல்லை. இப்படியே பிரிண்ட் போனால் அவள்மேல் ரோடு போகும், யாருக்கும் தெரியாது.

ஜினோ சார் பின்னால் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"சரிதா, 'குழந்தை'ன்னு போட்டுடுங்க. இல்லீன்னா ஒரு நம்பர் குடுங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"மாட்டுக்குத்தாங்க சார் காதுல நம்பர் போடுவாங்க" என்றேன்.

அவர் டீ வாங்கப் போனார். பாவம், அவரிடம் எரிந்து விழுந்து என்ன ஆகப்போகிறது.

நிலா என்று அடித்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டே எழுத்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எந்தப் பேரிலும் இடிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அந்தப் பேரில் அவர் எங்கேயும் இல்லை. எனக்கு ஜெயிக்க வேண்டாம். அந்த மனுஷன் ஒரு தடவை வாயைத் திறந்து என் பிள்ளையைக் கூப்பிட்டால் போதும். நிலாவை அழித்துவிட்டுத் தேன்மொழி என்று அடித்தேன்.

உடனே பக்கத்துக் குழியில் இருந்த தங்கவேலு தாத்தாவின் பேர் காணாமல் போனது. அவரைக் கொண்டுவந்தால் இவள் போனாள். அங்கேயும் இங்கேயும் நகர்த்திப் பார்த்தேன், நடக்கவில்லை. கடைசியில் அவள் பேரை மட்டும் மற்ற எல்லாப் பேருக்கும் மேலே நன்றாகத் தூக்கி வைத்து, அங்கிருந்து கீழே சின்னக் கல்வரைக்கும் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிட்டேன். நான் அவளைக் கையில் தூக்கியது கொஞ்ச நாள்தான். இப்போது மறுபடி மண்ணிலிருந்து தூக்கியது போல இருந்தது.

சரியாக வந்திருக்கிறதா என்று மலையைச் சுற்றிப் பார்த்தேன். பின்பக்கம் போனால் எழுத்துகள் இடம் வலமாக மாறித் தெரியக்கூடாது என்பதற்காக, பேர்கள் எப்போதும் பார்க்கிறவர் பக்கம் திரும்பும்படி நாங்கள் வைத்திருப்போம். நான் இடது பக்கம் போனேன், தேன்மொழி என் பக்கம் திரும்பினாள். வலது பக்கம் போனேன், அங்கேயும் திரும்பினாள். குரல் கேட்டு முகம் திருப்புகிற வயசுகூட அவளுக்கு வரவில்லை. மதினி சொன்னது சரிதான். பேர் வைத்ததும் திரும்பிப் பார்த்துவிட்டாள். ஷாலை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஜினோ சார் டீயை மேஜையில் வைத்துவிட்டு மறுபடி வெளியே போனார்.

வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, காலையில் ஆள் கணக்கு எடுக்கிற மஸ்டர் ஷெட்டில் எல்லாரும் கூடினார்கள். புரொஜெக்டர் வைத்துப் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார் ஜினோ சார். மேனேஜர் ஒவ்வொரு பேராகப் படிக்க, அந்தந்த வீட்டார் எழுந்து, "எங்கப்பாங்க", "எங்க அக்காங்க" என்று சொல்லி, மாற்றிக்கொள்ளச் சம்மதம் கொடுத்தார்கள். தங்கவேலு தாத்தாவுக்கு அவர் மகன் எழுந்தார்.

"தேன்மொழி" என்றார் மேனேஜர்.

யாரும் எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு எழ வேண்டும், பெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் இருந்த விஜயனைத் திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை.

"தேன்மொழி, யாரு வீடு?" மறுபடி கேட்டார். "யாரும் இல்லைன்னா இத எடுத்துடலாமா?"

எனக்கு முன்னால் இருந்த கருப்பம்மா மதினிக்குப் படிக்கத் தெரியாது. அவர் அந்தக் கோட்டைப் பிடித்துக் கண்ணாலேயே கீழே இறங்கிச் சின்னக் கல்லைக் கண்டுபிடித்தார். மெதுவாக எழுந்தார்.

"எடுக்காதீங்க தொரை. அது எங்க வீட்டுப் புள்ள."

பிறகு என் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இதான் பேரா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"நாந்தானே சொல்லணும். அத்தை நானிருக்க, ஏங்கிட்ட சொல்லலியே நீ."

அவர் சுவரிடம் நடந்து போனார். எங்கள் மலை அவர் முதுகில் விழுந்தது. பேர் உயரத்தில் இருந்ததால் குதிகாலைத் தூக்கி, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, வாயை அதன் பக்கத்தில் கொண்டுபோனார்.

"தேன்மொழி" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தேன்மொழி" என்றார்.

மூன்றாவது தடவை அவருக்குக் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டார்.

கடைசி பெஞ்சிலிருந்து விஜயன்தான் அந்த மூன்றாவது தடவையைச் சொல்லி முடித்தார்.