சிதம்பரத்துக்கு அடாப்டர் வாங்கினவன்

கடலூரிலிருந்து சிதம்பரம் போவதற்கு ஒரு மனிதனுக்கு என்னதான் வேண்டும்? பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடினால், ஒரு குட்டித் தூக்கம் முடிவதற்குள் கண்டக்டர் ‘செதம்பரம் வண்டிகேட் எறங்கு’ என்று கத்திவிடுவார். அவ்வளவுதான் தூரம். ஆனால் மஞ்சக்குப்பம் பெயிண்ட் கடை கார்த்திகேசன் இந்தத் தூரத்துக்கு ஒரு மாதமாகச் சாமான் சேர்த்தான். இமயமலை ஏறப் போகிறவன்கூட இவ்வளவு அலப்பறை செய்திருக்க மாட்டான்.

அவன் மனைவி சந்திரலேகா முதலில் சிரித்தாள். அப்புறம் திட்டினாள். கடைசியில் வாயை மூடிக்கொண்டாள். இந்தப் பயணம் எப்படியாவது நடந்தாக வேண்டுமே என்ற கவலை அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

விஷயம் இதுதான். கார்த்திகேசனுக்கு ஒரே தங்கச்சி, காயத்ரி. சிதம்பரத்துப் பையன் உத்திராபதியை அவளே பார்த்து, அவளே முடிவு செய்து கட்டிக்கொண்டாள். பையன் தங்கமான பையன். அவனிடம் ஒரு குறையும் இல்லை. அண்ணனிடம் முதலில் சொல்லவில்லை என்பதுதான் குற்றம். அதற்காக இந்த மகாராஜா கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கே போகவில்லை. அப்பா அம்மா இல்லாத பெண், கூடப் பிறந்தவன் குத்துக்கல் மாதிரி இருந்தும் அநாதையாட்டம் மணமேடையில் நின்றாள். அதோடு அண்ணன் தங்கச்சிக்குள் பேச்சு நின்றுபோனது. சந்திரலேகா மட்டும் மாடியில் துணி காயப்போடும் சாக்கில் அவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

இப்போது காயத்ரியின் குழந்தை அறிவுமதிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், முதல் பந்தியில் முதல் இலை தாய்மாமனுக்குத்தான் போட வேண்டும். உத்திராபதி வீட்டுப் பெண்கள் இதை வைத்தே காயத்ரியைக் குத்திக் குத்திப் புண்ணாக்கியிருந்தார்கள். ‘ஒங்க பக்கம் யாரு வருவா? இல்லன்னா எங்க ஆளு எவனையாவது ஒக்கார வச்சுக்கலாம்’ என்று பரிதாபப்படுகிற மாதிரி கேட்பார்களாம்.

“சொந்த மாமன் கடலூர்ல இருக்கும்போது நான் வாடகைக்கு ஒரு மாமன புடிக்கணுமா அண்ணி?” என்று காயத்ரி போனில் அழுதாள். “சீரு செனத்தி ஒண்ணும் வேணாம். வந்து புள்ளைய மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்தா போதும். எப்பிடியாவது கூட்டியாங்க.”

சந்திரலேகா அவனைக் கூட்டிப்போக என்ன பாடுபட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். கெஞ்சினாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் சமைக்காமல் படுத்துப் பார்த்தாள். எதற்கும் மசியாதவன், ஒருநாள் ராத்திரி போனை நோண்டிக்கொண்டே தானாகச் சொன்னான்: “சரி, போவோம். ஒரு ட்ராவல் வீடியோ போட்டாப்புலயும் இருக்கும்.”

அவனுக்கு ஒரு சேனல் இருந்தது. பெயர் ‘பயணமே வாழ்க்கை’. அதைப் பார்க்கிறவர்கள் பெயிண்ட் கடைக்குக் கடன் சொல்லி வாங்க வருகிற மேஸ்திரிகளும் சந்திரலேகாவின் தம்பியும்தான். தம்பியும் பார்ப்பதில்லை, லைக் மட்டும் போடுவான்.

அன்றிலிருந்து பார்சல் வந்துகொண்டே இருந்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டு தூங்குகிற தலையணை. கையை ஆட்டினாலும் படம் ஆடாமல் பிடிக்கிற கிம்பல். ஒரு செங்கல் கனத்தில் பவர் பேங்க், அது தீர்ந்துபோனால் இருக்கட்டும் என்று இன்னொன்று. மயிர் வைத்த ஒரு மைக், பூனைக்குட்டி செத்துக் கிடக்கிற மாதிரி இருந்தது. கட்டில் முழுக்கப் பரப்பி வைத்து, எதை எடுத்துப் போகலாம் எதை விடலாம் என்று ராத்திரி ராத்திரியாக யோசித்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட அவன் இவ்வளவு யோசிக்கவில்லை என்பது சந்திரலேகாவின் எண்ணம்.

“இது என்னாங்க?”

“யுனிவர்சல் அடாப்டர். எந்த நாட்டு ப்ளக்குலயும் மாட்டலாம்.”

“செதம்பரத்துல எந்த நாட்டு ப்ளக்கு வச்சிருக்கான்?”

“ஒனக்குப் புரியாது சந்திரா. ஒரு ட்ராவலர்னா எதுக்கும் ரெடியா இருக்கணும்.”

ட்ராவலராம்! விழுப்புரம் தாண்டினால் வயிறு கலக்குகிற மனுஷன். அவன் போனில் வானிலைக்கு ஒரு ஆப், வழிக்கு இரண்டு ஆப், பாஷை மொழிபெயர்க்க ஒரு ஆப் இறங்கியிருந்தன.

“பாஷை ஆப்பு எதுக்கு? ஒங்க தங்கச்சிகிட்ட பேசவா?” என்றாள் சந்திரலேகா. “அதுக்கு ஆப்பு தேவல்ல. வாயத் தொறந்தா போதும்.”

போனுக்கு எந்த உறை நல்லது, தண்ணீர் போகாததா, கீழே விழுந்தாலும் உடையாததா என்று கேட்டான். சந்திரலேகா தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

விசேஷத்தன்று காலையில் காரின் பின்சீட்டு முழுக்க அவன் பைகள் ஏறிக்கொண்டன. சீர்த் தட்டுகளுக்கு இடம் இல்லை. குழந்தைக்குப் பட்டுப் பாவாடை, கம்மல், பழம், பூ எல்லாவற்றையும் சந்திரலேகா மடியில் வைத்துக்கொண்டு, காலை மடக்கக்கூட முடியாமல் உட்கார்ந்தாள். போதாததற்குப் பழத்தட்டில் ஒரு வட்டமான வில்லையைச் செருகினான். தட்டு தொலைந்துபோனால் போன் காட்டிக்கொடுக்குமாம். என் மடியில் இருக்கிற தட்டு எங்கேய்யா தொலையும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

முதுநகர் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டி, சின்ன வயதிலிருந்து அவன் கண்ணைக் கட்டினாலும் போகக்கூடிய ரோட்டில், போன் ஒரு இங்கிலீஷ்காரியின் குரலில் வழி சொல்லிக்கொண்டு வந்தது. பி.முட்லூரில் இடது பக்கம் ஒடித்தான்.

“எங்கங்க போறீங்க? நேரா போகணும்.”

“கிள்ளை வழியா போனா ரெண்டு நல்ல ஷாட்டு கெடைக்கும். அலையாத்திக் காடு, படகு, அப்பிடி இப்பிடின்னு. அஞ்சு நிமிஷம்.”

“ராகு காலம் பொறக்கறதுக்குள்ள காது குத்தணும்! வண்டியத் திருப்புங்க. இல்லன்னா நான் எறங்கி நடந்து போறேன்!”

அவள் குரலைக் கேட்டு ரோட்டோரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கார்த்திகேசன் வண்டியைத் திருப்பினான்.

தில்லைக்காளி கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. கார் நின்ற சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து காயத்ரி ஓடிவந்தாள். பட்டுப்புடவை தடுக்க, ஒரு கையில் குழந்தையும் இன்னொரு கையில் கொசுவமுமாக, “அண்ணா” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் எப்படிக் கூப்பிட்டாளோ அப்படியே கூப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. போதும்டா சாமி, இதுக்குத்தானே இத்தனை பாடும் என்று சந்திரலேகா நினைத்தாள்.

கார்த்திகேசன் கிம்பலை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றான்.

“காயத்ரி, வெளிச்சம் பின்னாடி இருந்துச்சும்மா, மூஞ்சி தெரியல. ஒரு தடவ உள்ள போயி மறுபடியும் ஓடியாயேன்.”

சந்திரலேகாவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. காயத்ரி அண்ணனைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போனாள். சொன்னபடியே திரும்பியும் வந்தாள். இந்த முறை ஓடவில்லை, கூப்பிடவும் இல்லை, நடந்து வந்தாள்.

“சூப்பர்” என்றான் கார்த்திகேசன்.

உத்திராபதி நல்ல மனுஷன். “வாங்க மச்சான்” என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், பாய் மேல் போட்டிருந்த மணையைக் காட்டினான். ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். அய்யர் அவசரப்படுத்தினார். மண்டபத்துப் பெண்கள் எல்லாரும், வந்துட்டானே மாமன் என்ற மாதிரி கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். காயத்ரி குழந்தையை அண்ணன் மடியில் வைத்தாள். அறிவுமதி புது மனுஷனைப் பார்த்து மிரளாமல், அவன் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள்.

ஆசாரி காது மடலில் சந்தனத்தால் பொட்டு வைத்தார்.

“ஒரு நிமிஷம்” என்றான் கார்த்திகேசன். ட்ரைபாடில் நின்ற கேமராவை யாரோ இடித்துவிட்டார்களாம். குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனான். வந்து உட்கார்ந்தான். ஆசாரி ஊசியை எடுத்தார். “இருங்க இருங்க, ஆசாரிக்கு மைக்கு போடல.” மறுபடி எழுந்தான். அந்தச் செத்த பூனைக்குட்டியை ஆசாரியின் துண்டில் குத்தினான். கைமாறிக் கைமாறிக் குழந்தை சிணுங்கத் தொடங்கியது. அய்யர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மூன்றாவது தடவை மடியில் வைத்தபோது, ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் போனை வைத்து, அதற்குள் தன் மூஞ்சி எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமன் யாரு, ஊசியப் பாக்காம போனப் பாக்குறானே, அவனா?” என்று ஒரு கிழவி கேட்டாள். நான்கு பேர் சிரித்தார்கள்.

“ஆசாரி, நிறுத்துங்க. ஃபோகஸ் போச்சு” என்று கார்த்திகேசன் மறுபடியும் எழப் பார்த்தான்.

காயத்ரி குனிந்து, அவன் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

“அண்ணி, நீங்க ஒக்காருங்க.”

“நானா? மாமன் மடிதானம்மா வழக்கம்?” சந்திரலேகா பதறிப்போனாள். “ரெண்டு நிமிஷம் பொறு, நான் அவுருகிட்ட சொல்றேன்.”

“அவுரு வேலையா இருக்காரு. இத்தினி வருஷம் எங்கூட பேசுனது நீங்கதான். ஒக்காருங்க அண்ணி.”

அந்தக் குரலைக் கேட்டதும் அய்யரே கார்த்திகேசன் எழுந்த மணையைக் காட்டினார், மாமியார் வீட்டுப் பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். சந்திரலேகா உட்கார்ந்தாள். குழந்தையின் தலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியபோது அறிவுமதி வீறிட்டாள், சந்திரலேகாவும் அழுதாள். சந்தோஷமா, அவமானமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சரி, கார்த்திகேசன் என்ன செய்தான்? ரோஷப்பட்டிருப்பான், மூஞ்சி செத்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. அவனுக்கு இது வசதியாகப் போயிற்று. இரண்டு கையும் காலியாகிவிட்டதே! கிம்பலைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான், குந்தினான், ஸ்டூல் மேல் ஏறினான். முடிந்ததும் மனைவியிடம் வந்து காதோரம் சொன்னான்: “நீ ஒக்காந்தது நல்லதாப் போச்சு. கையில புடிச்சு எடுத்ததால ஒவ்வொரு ஷாட்டும் கண்ணுல ஒத்திக்கலாம்.”

சந்திரலேகாவுக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அறையவில்லை.

பந்தி போட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தை மேற்பார்வை பார்த்தவள் பட்டம்மாள், உத்திராபதிக்குச் சித்தி முறை, நெல்லிக்குப்பத்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள். காது குத்தியதை அவள் பார்க்கவில்லை. கழுத்தில் கேமரா, தோளில் இரண்டு பை, இடுப்பில் பவர் பேங்க், காதில் ஒரு இயர்போன் என்று பசியோடு வந்து முதல் இலைக்கு முன்னால் உட்காரப் போன கார்த்திகேசனை அவள் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினாள்.

“தம்பி, வீடியோகாரங்களுக்குக் கடைசிப் பந்தி. இது மாமன் வூட்டு எல.”

அவன் சிரித்துவிட்டான். “அம்மா, நான் வீடியோகாரன் இல்ல.” சொல்லிவிட்டுத் தங்கச்சியைத் தேடினான். தேட வேண்டியதே இல்லை. இரண்டு இலை தள்ளி, காயத்ரி பாயச வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். பட்டம்மாள் சொன்னது அவள் காதில் நன்றாக விழுந்திருந்தது.

“காயத்ரி, நீயே சொல்லு” என்றான் கார்த்திகேசன்.

காயத்ரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கழுத்தைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

“அவுருக்கு அப்புறமா போட்டுக்கலாம் சித்தி” என்றாள். “அண்ணி, வாங்க. மொத எல ஒங்களுது.”

கார்த்திகேசனின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. அவன் சந்திரலேகாவைப் பார்த்தான். சொல்லேன், நீயாவது சொல்லேன் என்று அந்தக் கண் கெஞ்சியது. இத்தனை வருஷத்தில் அவனுக்காக எத்தனை இடத்தில் வக்காலத்து வாங்கியிருக்கிறாள்! இப்போதும் வாய் வரைக்கும் வந்தது. காயத்ரி இலைக்குப் பக்கத்தில் அவளுக்காகத் தண்ணீர் டம்ளர் வைத்துக்கொண்டிருந்தாள். சந்திரலேகா முந்தானையைச் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

“நிக்கிறீங்களே தம்பி” என்றாள் பட்டம்மாள், பாவம், நல்ல மனசோடு. “சும்மா நிக்காம பந்திய ஒரு சுத்து எடுத்துடுங்க. புள்ளையோட மாமன் வூட்டு ஆளுங்கள நல்லா எடுங்க, காயத்ரிக்கு ஆசையா இருக்கும்.”

கூடத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்த்திகேசன் மெதுவாகக் கேமராவைத் தூக்கி, முதல் இலைக்கு நேராகத் திருப்பினான். சந்திரலேகா நிமிர்ந்து பார்க்காமல் சோற்றைப் பிசைந்தாள்.