சத்தமா படிக்கிற வீடு

“வீட்ல என்னைச் சின்னவன்னு கூப்பிடுவாங்க. வயசு இருபத்தி நாலு. இருக்கிறது ஓட்டல் சலவைக்கூடத்துல, பெட்ஷீட் அடுக்குற ரூம்ல.”

ஆன்லைன்ல மனசுக்கு ஆலோசனை சொல்றவங்ககிட்ட அவன் முதமுதல்ல சொன்னது இதுதான். வாயால சொல்லச் சொல்ல போன் எழுதிக்கிச்சு. தங்குற ரூம்ல ஆறு பேரு, அழக்கூட இடமில்ல. அதனால வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்துல, சூடு ஆறாத விரிப்புகளுக்கு நடுவுல வந்து உக்காந்துக்குவான். கூட வேலை பாக்குற அண்ணன் கதவைத் தட்டுவாரு. “என்ன மாப்ள, ஒளிஞ்சு ஒளிஞ்சு கடலையா?”

இது அஞ்சாவது வாரம். திரையில மேடம் கேட்டாங்க, “நெஞ்சு படபடக்குது, தூக்கமில்லன்னு வீட்ல சொன்னீங்களா?”

“எங்க மேடம்! வீட்ல ஒரே ஒரு போனுதான். அது யார் கையில கிடைக்குதோ அவங்க, வர்ற மெசேஜை எல்லாருக்கும் சத்தமா படிப்பாங்க.”

“நீங்களும் படிச்சிருக்கீங்களா?”

அவனுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்பா வெளிநாட்டுல இருந்தப்ப அவரு போடுற கடுதாசியைப் படிக்கிறது அவன்தான். பத்து வயசு. கட்டில் மேல ஏறி நின்னு தொண்டையைச் செருமுவான். அம்மா அடுப்பை அணைச்சிட்டு ஓடி வருவாங்க. “பில்டப் போதும், படிடா”ன்னு அக்கா முதுகுல ஒண்ணு வைப்பா. கடைசியில ‘பிள்ளைங்களுக்கு முத்தம்’னு வர்றதை மட்டும் ரெண்டு தடவை படிப்பான். கடுதாசி வந்த அந்தச் சாயங்காலங்கள் மாதிரி அப்புறம் ஒண்ணு வரவே இல்ல.

சிரிப்பு பாதியில நின்னுச்சு.

“சில வரியை விட்டுடுவேன் மேடம்.”

“எந்த வரி?”

“தூக்கமே வரலன்னு எழுதுவாரு. பேச ஆளில்லன்னு எழுதுவாரு. அம்மா முகம் வாடும். தாண்டிப் போயிடுவேன். அப்பா திரும்பி வந்து, சாகுற வரைக்கும் மூணு வருஷம் எங்ககூடதான் இருந்தாரு. ஒருத்தரும் அவரைக் கேக்கல. தெரிஞ்சாத்தானே கேப்பாங்க.”

அவனே மெசேஜ்ல வீட்டு நம்பரைத் திறந்தான். போன் ரெண்டு தடவை தப்பா எழுதுச்சு. அழிச்சு அழிச்சு மறுபடி சொன்னான்.

“அம்மா, நான் நல்லா இல்ல. மடிச்ச விரிப்பையே திரும்பப் பிரிச்சு மடிச்சுக்கிட்டு இருக்கேன். தூக்கமே வரல. ஒருத்தங்ககிட்ட பேசிக்கிட்டுத்தான் இருக்கேன், பயப்படாதீங்க. இதைப் படிக்கிறது யாரா இருந்தாலும், ஒரு வரியும் விட்டுடாதீங்க. அம்மா முகத்தைப் பாத்தா விடத் தோணும். பாக்காம படிங்க.”