இருபத்தெட்டுத் தகட்டிலும் சந்தனம்

ஆயுத பூசைக்குச் சந்தனம் வைப்பது தங்கப்பாண்டியன் வேலை. போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு. எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். பைக், மிக்சி, மனைவி யுவராணியின் தையல் மிசின் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் இரும்பு இருந்த இடமெல்லாம் வைத்தார். அதோடு விட்டாரா? அவள் கையால் செய்த கடிகாரத்தின் இருபத்தெட்டுத் தகட்டிலும், ஒன்றுவிடாமல், கொழகொழவென்று அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டார்.

பூசையன்று கருவிகளுக்கு ஓய்வு என்பதால் பிளக்கை அவளே பிடுங்கி வைத்திருந்தாள். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து செருகினாள். தகடுகள் சடசடவென்று புரண்டு நேரத்துக்கு வரவேண்டும். ஒரே ஒரு டக் கேட்டது. அவ்வளவுதான். மற்றவை காய்ந்த சந்தனத்தில் சட்டத்தோடு ஒட்டிக் கிடந்தன.

அந்தச் சத்தத்துக்காகத்தானே கட்டினாள்! ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையில் செம்புக்கம்பி வாங்கி, இருபத்தெட்டுச் சுருள் சுற்றி, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் கறுப்பாக ஒரு தகடு வைத்தாள்; ஓர் இலக்கத்துக்கு ஏழு தகடு, மணிக்கும் நிமிடத்துக்குமாக நான்கு இலக்கம். சுருளில் கரண்ட் பாய்ந்தால் தகடு புரளும்; மஞ்சள் பக்கம் தெரிகிற தகடுகள் சேர்ந்து எண்ணாகும். நைட்டிக்குக் கழுத்துத் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல் நேரம் சொல்வாள். எட்டு ஒன்பதானால் ஒரே டக். 09:59 என்பது 10:00 ஆகும்போது பதினொரு தகடு சேர்ந்து புரளும். அதைக் கேட்கவே மிசினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். நாளை கிருஷ்ணன்கோவில் காலேஜில் இப்படிக் கடிகாரம் செய்கிறவர்கள் கூடுகிறார்கள். இந்தச் சத்தத்தைக் கேட்கத் தெரிந்தவர்கள் முன்னால் வைக்கப்போகிறோம் என்று ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் இருந்தாள்.

உள்ளே பார்த்துக் கத்தினாள். "ஏங்க! இங்க வாங்க!"

சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே வந்தார்.

"யாரக் கேட்டு இதுல சந்தனம் வச்சிய?"

"என்னட்டி இது? சாமி காரியத்துக்கு யாரக் கேக்கணும்? ஒன் மிசினுக்கு வச்சுட்டு இதுக்கு வைக்கலைன்னா கோவிச்சுக்கிடுவியேன்னு வச்சேன். எம்புட்டு நேரம் குனிஞ்சு வச்சேன் தெரியுமா?"

ஆசையாக வைத்தாராம். அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே செய்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

"தகடு புரளாம ஒட்டிக்கிடுச்சு. நாளைக்கு நான் என்னத்தக் கொண்டுபோவேன்?"

"தகடு எதுக்குட்டி புரளணும்? மணி காட்ட லைட்டு எரியுமுல்ல?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பதினொரு மாதமாக அவர் சோறு தின்னும் இடத்துக்கு நேரெதிரே, அந்தக் கடிகாரம் நிமிடம் தவறாமல் புரண்டுகொண்டிருந்தது. எலி கொறிக்கிற மாதிரி இருக்கிறது என்று தினமும் சலித்துக்கொண்ட மனுஷன், அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"அதுல லைட்டே கிடையாதுங்க" என்றாள்.

தங்கப்பாண்டியன் குனிந்து, முதல்முறையாக, உற்றுப் பார்த்தார். பிறகு நகத்தால் சுரண்டக் கையை நீட்டினார்.

"தொடாதிய!"

கடிகாரத்தையும் ஒரு பழைய பல் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு, தையல் அறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.