சாந்து வைக்காத வாசல்

இத்தாலியில் எங்கள் குப்பியோ ஊரில் அல்பெரினி மாளிகைக்கு இரண்டு வாசல். வளைவு வைத்த பெரிய வாசலில் குதிரைவண்டியே நுழையும். அதன் பக்கத்தில், தெருவிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு சவப்பெட்டி போகும் அகலத்துக்கு இன்னொன்று. அறுநூறு வருஷ வழக்கப்படி அது செங்கல் வைத்து அடைத்தே கிடக்கும். வீட்டில் சாவு விழுந்தால் இடிப்போம். பெட்டி போனதும், சாவு திரும்பி வந்துவிடாதபடி பொழுது சாய்வதற்குள் அடைப்போம். கொத்தனான எனக்கு அந்த வீட்டின் மேல் பெரிய மயக்கம் ஒன்றும் கிடையாது. மேல்மாடிக் கூரையில் தேவதைகளை வரையச் சொன்ன புண்ணியவான்கள், கீழ்ச்சுவரின் ஓதத்தை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

ருஷ்யப் போர்முனைக்குப் போன, அந்த வீட்டுப் பிரபுவின் ஒரே மகன் ரனியேரோ திரும்பவில்லை. மூன்று வருஷம் பொறுத்துவிட்டுப் பிரபு வெறும் பெட்டியை அந்த வாசல் வழியாக அனுப்பி அடக்கம் செய்தார். நான் அடைக்கப் போனபோது, அவர் மனைவி எர்சிலியா அம்மாள் வந்து நின்றாள்.

"நாசரேனோ, சாந்து வைக்காதப்பா."

"அப்புறம் எப்படிம்மா நிக்கும்?"

"சும்மா அடுக்கிட்டு மேலாப்ல பூசிடு. செத்தவன்னு இந்த வழியா அனுப்பிட்டாங்க. இனி பெரிய வாசல்ல வந்தா பேய்னு தொரத்துவாங்க. எம்புள்ள வந்து தள்ளினா விழணும்."

"ஐயாவுக்குத் தெரிஞ்சா என் தோல உரிச்சிடுவாரு."

"அவருக்குச் சுவரப் பத்தி என்ன தெரியும்? சாஞ்சு தூங்கத் தெரியும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. தொழிலுக்குத் துரோகம் செய்தேன்.

பதினோரு குளிர்காலம் போனது. பூச்சில் விரிசல் கண்டபோதெல்லாம் யாருக்கும் தெரியாமல் பூசினேன். பிறகு அம்மாள் இறந்தாள்.

"மெதுவா அடி, மேல சித்திரம் உதிர்ந்துடும்" என்றார் பிரபு. நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கையால் தள்ளினேன். செங்கற்கள் சரிந்தன. உள்ளே, யாரும் புழங்காத நடையில், வாசலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. வாசற்படியில் புதிதாகப் பின்னிய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, ஆண்பிள்ளை அளவில்.

பிரபு சாந்தே படாத ஒரு செங்கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மாளின் பெட்டி போயிற்று. சாயங்காலம் சாந்து குழைத்துக்கொண்டு அடைக்க உட்கார்ந்தேன். பிரபு அந்தக் காலுறையின் தூசியைத் தட்டி, மறுபடி படியிலேயே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உள்ளேயே உட்கார்ந்தார்.

"சாந்து வேண்டாம், நாசரேனோ," என்றார். "சும்மா அடுக்கு."